கிளாவரா, ஆட்டினா?

இன்று முகநூலில் யாரோ புளியாரைப் படத்தைப் போட்டு 'கிளாவர்' என்று எழுதியிருந்தார்கள். சிரித்துவிட்டேன்.

எண்பதுகளில், கோப்பெங்கில், எங்கள் மாடுகள் மேயும் புல்வெளியில் மூவிலைக் களை ஒன்று பரவியது. என் கணவரின் அண்ணன் விஷமருந்து டின்னோடு வந்துவிட்டார்.

"இது கிளாவர்மா. மொத்தமா மருந்து அடிச்சிடலாம் லா."

அடித்துவிட்டால் மாடுகளை எங்கே மேய்ப்பது? ஓர் இலையைக் கிள்ளி நீட்டினேன்.

"நீங்க சீட்டாடுறவரு, நல்லாப் பாருங்க மாமா. கிளாவர் இலை உருண்டையா இருக்கும். இது சீட்டுல வர்ற ஆட்டின் மாதிரி, இதய வடிவத்துல நடுவுல வெட்டு விழுந்திருக்கு. கடிச்சா புளிக்கும். வெறும் புளியாரை, கையாலயே பிடுங்கிடலாம்."

கடித்தார். முகத்தைச் சுளித்தார். டின்னை ஓரமாக வைத்துவிட்டு என்னோடு குனிந்து பிடுங்கத் தொடங்கினார்.

மத்தியானம் புளியாரைத் துவையலுக்கு மறுசோறும் கேட்டார்!

மூத்தாரை இப்படி வாயடைக்க வைத்த மருமகள்கள் இங்கே வேறு யார் யார்? கையைத் தூக்குங்கள்.