மச்சான் எழுதாமல் விட்ட சொல்

மடிக்கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லை மச்சான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'செல்லாது.' கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா வைத்துவிட்டுப் போன கப்பைக்கிழங்கும் மீன்கறியும் ஆறிக்கொண்டிருந்தன. உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர், மச்சான் அனுப்பிய புகாரைப் படித்துவிட்டு, மரியாதையாகச் சில வரிகள் எழுதி, கடைசியில் அந்த முத்திரையைக் குத்தி மூடியிருந்தார். பிழை, நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்ற நாங்கள் செய்து தரும் கம்பைலரில் இல்லை, நீங்கள் எழுதிய நிரலில் இருக்கிறது என்பதுதான் சாரம். அதையே நான் முந்தைய நாள் சொன்னபோது மச்சான் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

மச்சான் என் அக்காவின் கணவர். அலுவலகத்திலும் எனக்கு மூத்தவர். பஜார் ரோட்டில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் எங்கள் கம்பெனி. ஐஸ் பிளான்ட்டுகளுக்கான கட்டுப்பாட்டு போர்டுகளைச் செய்கிறோம். அந்த இடங்களில் குளிரூட்டுவதற்காகக் குழாய்களில் அம்மோனியா ஓடும். எங்காவது கசிந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட ஓர் அலாரம் அடிக்க வேண்டும். அந்த அலாரத்துக்கான நிரலை எழுதியவர் மச்சான்தான். நான் வேலைக்குச் சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சி மொழியில் எழுதினார். அது ஒரு நாளும் தவறியதில்லை என்பதில் அவருக்கு இருந்த பெருமையை அக்காவின் பிள்ளைகள் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

எனக்கும் அவருக்கும் நடந்த சண்டை எங்கள் வீட்டில் பிரசித்தம். நான் ரஸ்ட் மொழியின் பக்கம். இரண்டுமே சில்லுக்கு மிக அருகில் நின்று வேலை செய்யும் மொழிகள். வித்தியாசம் குணத்தில். சி மொழியின் கம்பைலர், எழுதுகிறவனுக்குத் தெரியாதா என்று நம்பி விட்டுவிடும். ரஸ்டின் கம்பைலர், சந்தேகம் வந்தால் நிரலைக் கட்டித் தரவே மறுத்துவிடும். "அது கம்பைலரா மாமியாரா? ஒரு வரி எழுதினா ஒம்பது கேள்வி கேக்குது" என்பார் மச்சான். "கேக்கட்டுமே. போர்டு போய்ச் சேர்ந்தப்புறம் கேக்க ஆள் இல்லையே" என்பேன் நான். நோன்பு திறக்கும் வேளையில்கூட இது தொடங்கிவிடும். "ரெண்டு பேரும் சாயாவைக் குடிங்க, இல்லேன்னா எந்திரிச்சுப் போங்க" என்று அக்கா கத்துவாள். சாயாவைக் குடித்துவிட்டுத் தொடர்வோம்.

இந்த விவாதங்களின் பயனின்மை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. ஏனென்றால் வந்த ஆபத்து மொழியை மாற்றியதால் வரவில்லை. போர்டில் சில புதிய வசதிகளைச் சேர்க்க வேண்டும் என்றார் டைரக்டர். சில்லின் நினைவகத்தில் இடம் போதவில்லை. திறமூலமாக, இலவசமாகக் கிடைக்கும் இரண்டு சி கம்பைலர்களை, நாங்கள் பயன்படுத்திவந்ததையும் புதிய ஒன்றையும், ஒப்பிட்டு ஓர் அறிக்கை தரச் சொன்னார். வேகம், நிரலின் அளவு, பிழைச் செய்திகளின் தெளிவு என்று எல்லாவற்றையும் அளந்து கொடுத்தேன். புதிய கம்பைலர் நிரலை நன்றாகச் சுருக்கியது. ஆனால் மாற்றும் முன் பழைய நிரலை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். டைரக்டர் அளவு என்ற பத்தியை மட்டும் விரலால் தொட்டு, "இது மதி, மோளே" என்றார், இது போதும் மகளே என்று மலையாளத்தில். சரிபார்க்க ஆள் தரவில்லை. மச்சான் மட்டும் எதிர்த்தார், அதுவும் தவறான காரணத்துக்காக. "ஓடுற வண்டிய எதுக்கு நோண்டுறீங்க?" என்றார். அவரைப் பழமைவாதி என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, புதிய கம்பைலரில் கட்டிய நிரலைப் போர்டுகளில் ஏற்றினார்கள்.

தோப்பும்படிக்கு அப்பால் ஓர் ஐஸ் பிளான்ட்டில் வாயு கசிந்தது. அலாரம் அடிக்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வந்து வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். சக தொழிலாளர்கள் இழுத்து வெளியே போட்டார்கள். மறுநாள் மச்சானும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்கள் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. தமிழில் பேசியதும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"சத்தமே வரல சார். மூக்குல ஏறுனப்புறந்தான் தெரிஞ்சிச்சு. கதவு எந்தப் பக்கம்னு தெரியாமச் சுத்தி வந்தேன்."

மச்சான் போர்டைப் பற்றி, சோதனைகளைப் பற்றி ஏதோ விளக்கத் தொடங்கினார். அந்த மனிதர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் வேணாம் சார். இனிமே அடிக்குமா?"



காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு கம்பைலர்களும் உருவாக்கிய இயந்திரக் கட்டளைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். வாயு கசிந்தால் அதை மோப்பம் பிடிக்கும் உணரி ஒரு கொடியை உயர்த்தும். கொடி என்றால் நினைவகத்தில் ஓர் எண், அவ்வளவுதான். நிரல் ஒரு சுழற்சியில் அந்தக் கொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய கம்பைலர் ஒவ்வொரு சுற்றிலும் பார்த்தது. புதியதோ, இந்தச் சுழற்சிக்குள் யாரும் கொடியை மாற்றவில்லையே, எதற்கு மறுபடி பார்ப்பது என்று ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு அதோடு விட்டுவிட்டது. வெளியிலிருந்து உணரி மாற்றக்கூடும் என்பதை அதற்குச் சொல்ல சி மொழியில் 'வோலடைல்' என்று ஒரு சொல் உண்டு. மச்சான் அதை எழுதவில்லை. சோதனைக் கட்டத்தில் சுருக்கும் வசதியை அணைத்து வைத்திருந்ததால் அங்கே எல்லாம் ஒழுங்காக அடித்தது. சி மொழியின் விதிப்படி இரண்டு கம்பைலர்களும் செய்தது சரியே. இத்தனை காலம் அந்த நிரல் ஓடியது அதிர்ஷ்டத்தால். ரஸ்டாக இருந்தால் இப்படி எழுதவே விட்டிருக்காது என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த கண்கள் நினைவுக்கு வந்ததால் சொல்லவில்லை.

மச்சான் நம்பவில்லை. கம்பைலரின் பிழை என்று புகார் அனுப்பினார். அந்தப் புகாருக்கு வந்த பதிலைத்தான் ஞாயிற்றுக்கிழமை மேசையில் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார். "அந்தாளு சொல்றது சரிதான். நீ சொன்னதும்தான்" என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு, ஆறிப்போன கப்பையைச் சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த நாள் கூட்டத்தில் டைரக்டர் ஓர் அறிக்கையை நீட்டினார். புதிய இலவசக் கம்பைலரின் குறைபாட்டால் விபத்து நேர்ந்தது, பழைய கம்பைலருக்கே திரும்பிவிட்டோம், இனி ஆபத்தில்லை என்று எழுதியிருந்தது. மச்சான் கையெழுத்துப் போட வேண்டும்.

"சார், கம்பைலர் மேல தப்பு இல்ல. என் வரியில தப்பு. அத எழுதுங்க, போடுறேன்."

"எடோ, கம்பைலர் செஞ்சவங்க யாரும் கேஸ் கொடுக்கப் போறதில்லையல்லோ. காசு கொடுத்து வாங்கின சாதனமா அது? நீ எதுக்கு வெறுதே தலைய கொடுக்கணும்?"

"பழைய கம்பைலர்ல ஓடுறது தற்செயல் சார். அடுத்த பதிப்புல அதுவும் சுருக்கிருச்சுன்னா?"

"அடுத்த பதிப்புக்கு மாற வேண்டாம். தீர்ந்நு."

தீர்ந்தது என்று அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. நானும் வாதாடினேன். ரஸ்ட்காரி வந்துவிட்டாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள், சிரிப்பு எழுந்தது. எங்கள் வீட்டு வேடிக்கையை அலுவலகத்தில் என் வாயை அடைக்கப் பயன்படுத்தினார்கள்.

மச்சான் கையெழுத்துப் போடவில்லை. அந்த வாரம் விடுப்பு எடுத்தார். விடுபட்ட சொல்லைச் சேர்த்தார். அதே போன்ற வேறு இடங்களையும் தேடித் திருத்தினார். நான் இரண்டு கம்பைலர்களிலும் கட்டி, கட்டளைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு அவருடைய ஸ்கூட்டரில், மடியில் மடிக்கணினிப் பையோடு நான் பின்னால் உட்கார, தோப்பும்படி, வைப்பின், முனம்பம் என்று எங்கள் போர்டு இருந்த இடங்களுக்கெல்லாம் போனோம். பிளான்ட்காரர்களுக்கு மச்சானைத் தெரியும். என்ன செய்யப் போகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லித்தான் உள்ளே போனார். திருத்திய நிரலை ஏற்றி, உணரியைத் தூண்டி, அலாரம் அடிப்பதைக் காதால் கேட்ட பிறகே கிளம்பினார். ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போது மட்டும்தான்.

அனுமதியில்லாமல் வாடிக்கையாளர் இடத்தில் நிரலை மாற்றினார் என்று மச்சானை வேலையிலிருந்து நீக்கினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அக்கா என்னோடு பல வாரங்கள் பேசவில்லை. நீயும் அவரோடு வெளியே வந்திருக்க வேண்டும் என்றாள். நான் வரவில்லை. நானும் போய்விட்டால் அந்த நிரலைப் பார்க்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். அக்காவும் மச்சானும் திருப்பூணித்துறைக்குக் குடிபோனார்கள். மச்சானுக்குக் களமசேரியில் வேறொரு வேலை கிடைத்தது.

இப்போது எங்கள் புதிய போர்டு ரஸ்டில் எழுதப்படுகிறது. நான் ஜெயித்துவிட்டேன் என்கிறார்கள். சில்லோடு வந்த நூலகம் முழுவதும் சி மொழியில் இருப்பதால், ரஸ்ட் நிரலின் பாதி இடங்களில் 'பாதுகாப்பற்றது' என்று நாங்களே அறிவித்துக்கொண்டு அதை அழைக்கிறோம். அந்த இடங்களில் கம்பைலர் எங்களை நம்பித்தான் ஆக வேண்டும். இதை எடுத்துச் சொன்னால் யாருக்கும் பிடிக்கவில்லை. வரவேற்பறைச் சுவரில் 'பிழைக்கு இடமில்லாத மொழி' என்று விளம்பரம் தொங்குகிறது. பழைய போர்டுகளின் அதிகாரபூர்வ நிரலிலோ மச்சானின் திருத்தம் சேர்க்கப்படவே இல்லை. பழுதுபார்க்கப் போகும் யாராவது பழையதை மறுபடி ஏற்றிவிட்டால், எல்லாம் திரும்பவும் அதிர்ஷ்டத்தின் கையில். எத்தனை முறை கேட்டும், திருத்தத்தோடு பதிவாகும் மச்சானின் பெயரை மாற்றி அனுப்பு என்றே பதில் வந்தது. பெயரை மாற்ற நான் தயாராக இல்லை. கடைசியில், புதிய போர்டின் சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். சென்ற வாரம் திருத்தத்தைச் சேர்க்க அனுமதி வந்தது. ஒரு வரி விளக்கமோ வருத்தமோ இல்லை. உடனே சேர்த்துவிட்டு மச்சானுக்குப் போன் செய்தேன்.

"மச்சான், சேர்த்தாச்சு. உங்க பேரோடயே."

பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே, "ரெண்டு கம்பைலர்லயும் கட்டிப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"வார்னிங் ஏதாச்சும்?"

"புதுசுல ஒண்ணே ஒண்ணு. ஒரு வேரியபிள் பயன்படாமக் கெடக்குன்னு சொல்லுது. ஒண்ணுமில்ல மச்சான்."

"ஒண்ணுமில்லேன்னா அது எதுக்குச் சொல்லுது? அதத் தீக்காம எப்படி ஏத்துன?" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கோபத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த எச்சரிக்கையைத் தீர்க்க நிரலைத் திறந்தேன்.