நோர்வே பார்த்துக்கொண்டிருந்தபோது

எங்கள் அப்பா தமது கடைசி ஆண்டுகளை அச்சத்துடன் கழித்தார். நினைவு மலரில் இப்படித் தொடங்குவது வழக்கமில்லை. ஆனால் அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், அப்பாவைப் பற்றிச் சொன்னதாகாது.

அப்பா பருத்தித்துறையில், கடலுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தார். இரு ஆண் பிள்ளைகளில் இளையவர். மூத்தவர் எங்கள் பெரியப்பா. அப்பா கூட்டுறவுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நாட்டு நிலைமை கெட்டது. அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த என்னையும் ஊரில் விட்டுப் புறப்பட்டவர், நோர்வேயின் வடகோடியில், ரஷ்ய எல்லைக்கு அண்மையில் இருந்த ஒரு மீன்பிடி நகரத்தில் போய்ச் சேர்ந்தார். சில ஆண்டுகளின் பின் நாங்களும் சென்றோம். தம்பி அங்கேயே பிறந்தான்.

மீன் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை. ஐஸ் தண்ணீரில் கிடந்த மீனை எடுத்து வெட்டி வெட்டி, அவரது வலது சுட்டுவிரல் மடங்காமல் போயிற்று. கோப்பையைப் பிடிக்கும்போது அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பற்றி அவர் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. நோர்வேக் கடவுச்சீட்டு கிடைத்த நாளில் வேட்டி கட்டி, தொழிற்சாலையில் எல்லோருக்கும் வடை கொடுத்தார்.

அந்த நாட்டின் மீது அவருக்கு இருந்த பெருமை, அங்கே பிறந்தவர்களுக்கே கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. தேசிய தினத்தில் காலையிலேயே கொடியை ஏற்றிவிடுவார். அது நிலத்தில் படக் கூடாது. இரவு ஒன்பது மணிக்கு முன் இறக்கிவிட வேண்டும். கோடையில் சூரியன் மறையாத ஊர் அது. வெளியே பகல் போல வெளிச்சம் இருக்கும். அப்பா மணிக்கூட்டைப் பார்த்துக் கொடியை இறக்குவார்.

"இறக்காட்டி உங்கட ராசா வந்து கேக்கப்போறாரோ?" என்பார் அம்மா.

"கேக்கமாட்டார். அதுதான் அவற்ற மரியாதை," என்பார் அப்பா.

இலங்கைப் போரில் நடுநிலையாளராக நோர்வே வந்தபோது அப்பாவின் நடையே மாறிற்று. கொழும்பையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் வரக்கூடிய அளவு சனம்தான் அந்த நாட்டில். அது இரண்டு படைகளை ஒரு மேசைக்குக் கொண்டுவந்திருந்தது. "பெரிய நாடு வெருட்டும். சின்ன நாடு சொன்னால்தான் கேப்பினம்," என்று தொழிற்சாலையிலும் கோயிலிலும் சொல்லித் திரிந்தார்.

அப்போது பெரியப்பா பெரியம்மாவுடன் வன்னியில் இருந்தார். போர் நிறுத்தம் ஆட்டம் காணத் தொடங்கியிருந்த காலம். கொழும்புக்கு வந்துவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் எனக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார்:

"நோர்வே பாத்துக்கொண்டிருக்கேக்க ஒண்டும் நடவாது அண்ணை. இருங்கோ."

பெரியப்பா இருந்தார். நோர்வே தலைமையில் வந்த போர் நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் வெளியேறினார்கள். நோர்வே அறிக்கைகள் விட்டது, கவலை தெரிவித்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் இறுதிப் போரில் எங்கே, எப்படி இறந்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா அதன் பிறகும் கொடியை ஏற்றினார். ஆனால் சின்ன நாட்டின் சொல்லைப் பற்றி அவர் பேசி நான் கேட்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அம்மாவுடன் ஜேர்மனியின் ஹனோவருக்கு, என் வீட்டுக்கு அருகில் குடிவந்தார். கொடியும் வந்தது. முதல் ஆண்டு அதைப் பல்கனியில் கண்ட கீழ்வீட்டு ஹைன்ஸ், இன்று என்ன உதைபந்தாட்டம் என்று படியேறி வந்து விசாரித்தார். இங்கே கொடி வெளியே வருவது அதற்குத்தான். அப்பா விளக்கினார். அதன் பிறகு அவர்கள் நண்பர்கள். அப்பாவுக்கு அவர் "ஹைன்ஸ் அண்ணை".

நான் இங்கே ஒரு பத்திரிகையில் செய்தி திருத்தும் வேலை செய்கிறேன். பின்னேரங்களில் அப்பா கேட்பார்:

"பிள்ளை, உங்கட பேப்பரில நோர்வே ஒண்டும் இல்லையோ?"

"சல்மன் மீன் விலை கூடியிருக்காம் அப்பா. பிறகு, ஒரு சுற்றுலாக் கப்பல்."

முதலில் சிரித்தார். ஐரோப்பாவின் கிழக்கே போர் மூண்டபின் சிரிப்பு நின்றது. பெரிய நாடுகளின் தலைவர்கள் சிறிய நாடுகளைக் காணித்துண்டு போலப் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பார். நோர்வே மட்டுமல்ல, டென்மார்க், பால்டிக் நாடுகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். "பெரிய ஆக்கள் மேசையில இருக்கினம். சின்ன ஆக்களுக்குக் கதிரை இல்லை. எங்களுக்கும் அப்பிடித்தானே நடந்தது," என்றார் ஒருநாள். அடுத்த கிழமை கதவருகே ஒரு பை வந்தது. மருந்து, டோர்ச், தண்ணீர், கடவுச்சீட்டுகள். அம்மா அதைக் காலால் தள்ளிவிட்டு, "இந்த முழங்காலோட எங்க ஓடப்போறம்?" என்றார். அப்பா அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

அந்தப் பையை அப்பா தமக்காகவே வைத்தார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் பயந்தது தம்பிக்காக.

தம்பி இன்னும் அந்த வடகோடி நகரத்திலேயே இருக்கிறான். பள்ளிக்கூட ஆசிரியன். அந்நாட்டின் காவற் படையிலும் இருக்கிறான். தம் சொந்த வேலையைச் செய்துகொண்டே, அழைக்கும்போது சீருடை அணியும் பொதுமக்கள் படை அது. சீருடை அவனுடைய அலுமாரியில் தொங்குகிறது. பிள்ளை கையில் துவக்கு எடுக்காமல் வளர வேண்டும் என்பதற்காகவும் தேசம் விட்டு வந்தவர் அப்பா.

ஒரு ஞாயிறு மத்தியானம், திரையில் தம்பியின் முகத்தைப் பார்த்து அப்பா கேட்டார்.

"அந்த உடுப்பைக் குடுத்திட்டு இஞ்ச வா. இது பெரிய நாடு. உனக்கு வேலை கிடைக்கும்."

"ஏலாது அப்பா. கொடியை நிலத்தில படவிடாதை எண்டு சொல்லித் தந்தது ஆர்?"

"அது துணி. நான் சொல்லுறது உன்னை."

"இத்தனை நாடுகள் எங்களோட நிக்குது. எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கேக்க ஒண்டும் நடவாது அப்பா."

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். முன்பு தொலைபேசியில் தம் அண்ணனிடம் சொன்ன வசனத்தைத் தமது மகனின் வாயிலிருந்து அவர் கேட்டிருந்தார். தம்பிக்கு அது தெரியாது. பெரியப்பாவுடன் அப்பா பேசியபோது அவன் சிறு பிள்ளை. அப்பா அவனுக்கு அதைச் சொல்லவும் இல்லை. எழுந்து உள்ளே போனார். அதன் பிறகு தம்பி ஒருநாள் அழைக்கத் தவறினாலும் வீட்டில் சோறு இறங்காது.

இந்த ஆண்டு தேசிய தினத்திலும் அப்பா கொடி ஏற்றினார். மாலையில் இறக்கப் போனவர் பல்கனி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். நோயாளர் வண்டி அவரை ஏற்றிச் சென்றபின், ஹைன்ஸ் தாமாகவே மேலே வந்து கொடியை இறக்கி மடித்து வைத்தார். நேரம் தப்பவில்லை.

தம்பி அடுத்த நாள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தான். அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உடுப்பைக் குடுத்திட்டியோ?"

தம்பி பொய் சொல்லவில்லை. "லீவில வந்திருக்கிறன் அப்பா."

அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, திரும்பாமலே கேட்டார்: "சாப்பிட்டியோ?" அதுவே அவர் எங்களிடம் பேசிய கடைசிச் சொல்.

அப்பாவின் சவப்பெட்டியின் மேல் தம்பி கொடியை விரித்தான். அது பெட்டியுடன் போகக் கூடாது என்பதும் அந்த நாட்டு முறை. உரிய வேளையில் அவனும் ஹைன்ஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தார்கள்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், துக்க வீட்டில் சமைத்துப் பரிமாறிய ஹனோவர் உறவுகளுக்கும், வடக்கிலிருந்து ஒவ்வொருவராக அழைத்துப் பேசிய தொழிற்சாலைத் தோழர்களுக்கும், ஹைன்ஸ் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று இந்த மலரை உங்கள் கையில் தருபவன் தம்பி. இந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் அவன் வடக்கே திரும்புகிறான். கதவருகே இருந்த பையை அம்மா இப்போது தள்ளிவிடுவதில்லை. அதில் அவனுக்கு அளவான ஒரு கம்பளிச் சட்டையை வைத்திருக்கிறார். பெரியப்பாவுக்கு அப்பா என்ன சொன்னார் என்பதை, இதை அச்சுக்குக் கொடுக்குமுன் நானே தம்பியிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான், முடிவை மாற்றவில்லை.

அவனுக்கு ஆறுதல் சொல்ல வருவோரிடம் ஒரு வேண்டுகோள். ஒன்றும் நடக்காது என்று மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.