மட்டம் பிசகாத மொட்டைமாடி

எங்கள் வீட்டில் கார் ஷெட் இருக்கிறது. கார் இல்லை. கட்டும்போதும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. வீட்டை ஒட்டி லேத் பட்டறை கட்டப்போகிறேன் என்று சொன்னால் சத்தம் வரும் என்று தெருவே சண்டைக்கு வரும். கார் ஷெட் என்றால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதனால் கார் ஷெட்.

இருபத்தெட்டு வருடம் ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்த்தேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவன். டூல் ரூமில் அளவு என்றால் மைக்ரான் கணக்கு. தலைமுடியின் கனத்தில் பாதி பிசகினால் பீஸைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள், செய்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுவார்கள். கடைசியில் டூல் ரூமையே மூடினார்கள். எங்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் யாருடையது என்று அந்தக் காகிதத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் ஓட்டிய லேத்தையும் பழைய இரும்பில் சேர்த்தார்கள். மனசு கேட்காமல் அதை நானே வாங்கிக்கொண்டேன். லாரியில் அது வந்து இறங்கிய அன்று டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து நானும் இறங்கினேன். வாசலில் நின்ற என் மனைவி சொன்னாள்:

“மனுசனையும் மிஷினையும் ஒரே லோடா அனுப்பிட்டாங்களா?”

அவள் ஊத்தங்கரைக்காரி. அவளிடம் பேச்சில் ஜெயித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வருடமே அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கால் வீக்கத்தை வெயிலின் மேல் பழி போட்டு நாலு மாதம் ஓட்டியிருந்தோம். டாக்டர் இரண்டு வழி சொன்னார். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினோடு படுத்துக்கிடப்பது ஒன்று. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே தினம் நாலு முறை பை மாற்றுவது இன்னொன்று. ஒரு பை மருந்துத் தண்ணீர் உள்ளே போக வேண்டும், சில மணி நேரம் இருந்துவிட்டு அழுக்கோடு வெளியே வர வேண்டும். அவள் யோசிக்கவே இல்லை. வீட்டில் ஒரு மிஷின்காரர் போதும், நான் மிஷினுக்குப் போக மாட்டேன் என்று குழாயைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீடு பார்க்க வந்த நர்சம்மா எங்கள் ஒற்றைப் படுக்கை அறையைப் பார்த்தார், அடுக்களைத் தாளிப்பு நேராக வந்து மோதும் ஹாலைப் பார்த்தார், உத்தரம் வரை அடுக்கியிருந்த மருந்து அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். தனி அறை இருந்தால் நல்லது என்றார். கை கழுவ உள்ளேயே ஒரு பேசின், மூடினால் மூடுகிற ஜன்னல், தூசு இருக்கக் கூடாது, ஈரம் கூடவே கூடாது. கிருமி வயிற்றுக்குள் போனால் குழாயை எடுக்க வேண்டி வரும், அப்புறம் ஆஸ்பத்திரி மிஷின்தான் என்று இரண்டு முறை சொன்னார்.

போகும்முன் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். வெளியே வந்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் படிக்க வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் வயிறு சுத்தம். மங்கினால் உடனே ஓடி வர வேண்டும். அன்றிலிருந்து பை வழியாகப் பேப்பர் படிப்பது என் உத்தியோகம். நான் ராசிபலன் பக்கத்தைத்தான் வைப்பேன். “மிதுனம், தடைகள் விலகும், பயணத்தால் லாபம்” என்று சத்தமாக வாசிப்பேன். பை மாற்றக் கட்டிய முகமூடிக்குள் அவள் சிரிப்பது கண்ணில் தெரியும்.

வீட்டின் கிழக்குப் பக்கம் பன்னிரண்டடி அகலத்தில் இடம் கிடந்தது. முன்பாதியில் எனக்குப் பட்டறை, பின்பாதியில் அவளுக்கு அறை என்று கோடு போட்டேன். அதில் எதை முதலில் கட்டினேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. லேத் தார்ப்பாயின் கீழ் துருப்பிடிக்கிறது, அதற்கு ஒரு கூரை போட்டுவிட்டால் அறைக்கு வேண்டிய கம்பி, கதவு எல்லாம் அங்கேயே செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி ஜெயித்தேன். ஹாலோ பிளாக் சுவரை என் கையாலேயே எழுப்பினேன். முதல் சுவர் ஒரு நாளைக்கு மூன்று வரிசைதான் ஏறியது, ஒவ்வொரு கல்லையும் பீஸ் மாதிரி அளந்ததால். தெருவில் போகிறவர்கள் நின்று, கோயிலா சார் என்று கேட்டார்கள். கோடை முழுவதும் பட்டறையே தின்றுவிட்டது.

“மிஷினுக்கு வீடு கட்டியாச்சு. பொண்டாட்டிக்கு எப்பங்க?” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கேட்டுவிட்டு ஹாலில் ஃபேனை நிறுத்தி, அடுக்களைக் கதவைச் சாத்தி, முகமூடியைக் கட்டிக்கொண்டு பை மாற்ற உட்கார்ந்தாள்.

அறைக்கும் சுவரை நானே எழுப்பினேன், கூரைக்குத்தான் கான்கிரீட் வேண்டியிருந்தது. கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து வரும் ஒரு மேஸ்திரியை அழைத்தேன். வீட்டில் தெலுங்கு, சித்தாள்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுவார். ஒரே நாளில் ஆட்களோடு வந்து கூரையைப் போட்டுக்கொடுத்தார். அதன் மேல் பூச்சு ஒன்று பாக்கி. அதற்கு வாட்டம் விட வேண்டும் என்றார். மழைத் தண்ணீர் ஓடுவதற்குக் கொடுக்கும் சரிவைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

“அந்த மூலையிலேருந்து இந்த பைப்புக்கு ரெண்டு இஞ்ச் வாட்டம் உடறேன் சார்.”

நான் சிரித்தேன். எனக்கு இப்போதும் காதில் கேட்கிற சிரிப்பு அது. இரண்டு அங்குலமா? எங்கள் டூல் ரூமில் இரண்டு அங்குலம் கோணலாக ஒருவன் வேலை செய்தால் அவனைக் காட்சிக்கு வைத்திருப்பார்கள் என்றேன். தளம் ஒரே மட்டமாக இருந்தால் தண்ணீர் சமமாகப் பரவும், ஓட்டை கீழே இருப்பதால் தானாக அதில் இறங்கிவிடும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“தண்ணிக்கு அதெல்லாம் தெரியாது சார்” என்று மட்டும் சொன்னார்.

மேல்பூச்சை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். டூல் ரூமை மூடியபோது என்னோடு வந்த இன்னொரு சாமான், மிஷினை நிறுத்த மட்டம் பார்க்கும் ரசமட்டம். ஒரு முழ நீள இரும்பு, நடுவில் கண்ணாடிக்குள் குமிழி. அடியில் ஒரு காகிதத்தைச் செருகினால்கூட அந்தக் குமிழி நகர்ந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ஐந்து நாள் அந்த மொட்டைமாடியில் தவழ்ந்தேன். எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை. இத்தனைக்கும் பட்டறைக்குத் தகரக் கூரை போட்டபோது அதற்குச் சரிவு கொடுத்திருந்தேன். தகரம் என்றால் சரிவு என்று கண்ணுக்குப் பழகியிருந்தது. லேத்துக்கு மேல் சரிவு இருந்தது. அவளுக்கு மேல் இல்லை.

ஆயுத பூஜையன்று குடிபோனோம். பின்னறையில் பால் காய்ச்சினோம், முன்னறையில் லேத்துக்குச் சந்தனம், குங்குமம், பொரி. அவள் ரசமட்டத்தைக் காட்டி, “இதுக்கும் ஒரு பொட்டு வெய்யுங்க. அஞ்சு நாளா இதைத்தான கட்டிக்கினு இருந்தீங்க” என்றாள். வைத்தேன். அன்று மதியப் பையை அவள் புது அறையில்தான் மாற்றினாள். பேசினில் கை கழுவிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, இங்கே சத்தமே இல்லை என்றாள். பை வழியாக எழுத்து துடைத்துவைத்த மாதிரித் தெரிந்தது.

மழை பிந்தித்தான் வந்தது. வந்ததும் விடவில்லை. நாலாம் நாள் கூரையின் உட்புறம், அவள் கட்டிலுக்கு நேர் மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு கறை. நான் அது கர்நாடகா மேப் மாதிரி இருக்கிறது, எல்லை தாண்டி வந்திருக்கிறது என்றேன். அவள் படுத்தபடியே பார்த்துவிட்டு யானை என்றாள். சானமாவுக் காட்டில் வழி தப்பி நேராக இங்கே வந்துவிட்டது என்றாள். அடுத்த மழையில் அதற்குத் தும்பிக்கை வந்தது. அதற்கடுத்த மழையில் பக்கத்தில் ஒரு குட்டி.

ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்தேன். தண்ணீர் விரல் கனத்துக்கு, எல்லா இடத்திலும் ஒரே அளவாக நின்றது. ஒரு பக்கம் கூட இல்லை, ஒரு பக்கம் குறைச்சல் இல்லை. மேகம் அதில் அசையாமல் தெரிந்தது. பைப்பின் வாயருகே ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அவ்வளவு சரியான வேலை நான் செய்ததில்லை.

அன்றே மேஸ்திரிக்குப் போன் செய்திருக்க வேண்டும். போனை எடுத்தேன். அவருடைய பீடியும், அவர் பொறுமையாகக் கேட்ட முகமும் ஞாபகம் வந்தன. போனை வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தேன். ஒவ்வொரு மழைக்கும் மேலே ஏறித் தண்ணீரைத் தள்ளினேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து யானைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தேன். இரண்டு முறை அடித்தேன். ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை வந்தது, அதைத் துணியால் துடைத்துவிட்டு அதன் மேலும் அடித்தேன். காய்ந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் ஜெயித்த கணக்கில் வைத்துக்கொண்டேன்.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம். காலைப் பையைப் பேப்பர் மேல் வைத்தேன். எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பையை நகர்த்தி, கொட்டை எழுத்தில் இருந்த விளம்பரத்தின் மேல் வைத்தேன். அரிசி கழுவின தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல இருந்தது.

“படிங்க” என்றாள்.

“மிதுனம். தடைகள் விலகும்.”

“நேத்தும் அதான சொன்னீங்க” என்றாள். அதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் பூஞ்சைத் தொற்று என்றார். மருந்து போதாது, குழாயை எடுத்தாக வேண்டும் என்றார். எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, கை கழுவுவதில் இருக்கலாம், வேறு எதிலாவதும் இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், பை மாற்றும் அறையில் ஈரம் ஏதாவது உண்டா என்று என்னைக் கேட்டார்.

“இல்ல சார். புது ரூம். நானே கட்டினது.”

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“மேல யானை இருக்குதுங்க சார். ரெண்டு தரம் வெள்ளை அடிச்சாரு. மறுபடியும் வந்துட்டுது.”

டாக்டருக்குப் புரியவில்லை. காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்து என்னைப் பார்த்தார். ஒரு ஜோக் சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். முப்பது வருடமாக எனக்கு வாய் திறந்தால் ஏதாவது வரும். அன்று வரவில்லை. கூரை ஒழுகுகிறது சார் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

குழாயை எடுத்தார்கள். எந்த மிஷினுக்குப் போக மாட்டேன் என்றாளோ, அதற்கே வாரம் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போகிறேன். நாலு மணி நேரம் அவள் படுத்திருப்பாள், நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். திரும்பி வந்ததும் பேச்சில்லாமல் தூங்கிப்போவாள்.

அவள் வீட்டுக்குத் திரும்பிய வாரமே மேஸ்திரியை அழைத்தேன். வந்தார். மேலே ஏறிப் பார்த்தார். அன்றே சொன்னேனே என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் பூச்சைக் கொத்தி எடுக்க இரண்டு நாள் ஆனது. நல்ல கெட்டியான வேலை சார் என்று வருத்தமாகச் சொன்னார். புதுப் பூச்சு போடும்முன் அந்த ரசமட்டத்தைக் கேட்டு வாங்கி, அதன் ஒரு முனைக்கு அடியில் ஒரு ஜல்லித் துண்டை வைத்தார். குமிழி ஓடிப்போய் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. குங்குமம் இன்னும் கண்ணாடியோரம் இருந்தது.

“இங்க நிக்கணும் சார்” என்று காட்டினார்.

வயிற்றில் மறுபடி குழாய் வைக்க முடியுமா என்று ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்கள். பார்த்தார்கள். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, இனி முடியாது என்றார்கள். அன்று வீடு வரும்வரை அவள் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும், அந்த ரூம் இப்போ ஒழுகுகிறதா இல்லையா என்று கேட்டாள். மழையே இல்லையே, எப்படித் தெரியும் என்றேன்.

“ஊத்திப் பாருங்க.”

வாளியோடு மேலே ஏறினேன். அவள் கீழே பைப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூர மூலையில் ஊற்றினேன். தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடியது.

“வந்துட்டுது” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நான் இறங்குவதற்கு ஏணியில் கால் வைத்தேன்.

“இன்னொரு வாளி ஊத்துங்க” என்றாள்.

ஊற்றினேன்.