பொடிக்கு ஆகாத மழை

மழை இப்ப வேண்டாம்னு சாமி கும்பிட்ட பாவி இந்தக் கரிசக்காட்டுல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். பரளச்சியில எங்க வீட்டுக்காரர் போட்டிருந்த மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்துல வாடி நின்னுச்சு. ஊரே வானத்தைப் பார்த்துக் கிடந்துச்சு. நான் மட்டும் அம்மன் முன்னால நின்னு, "தாயே, ரெண்டு நாள் கழிச்சுப் பெய்யேன்"னு கேட்டேன்.

என் கவலை எனக்கு. அங்கருந்து தள்ளி, பாளையம்பட்டியில தகரம் வேய்ஞ்ச கொட்டகையில நான் பாகற்காய்ப் பொடி போடுறேன். சாறுல கருவேலம் பிசினைக் கலந்து, சூட்டுக் காத்துக்குள்ள பீச்சி அடிக்கணும். ஒவ்வொரு துளியும் பிசின் தோலுக்குள்ள அடைஞ்சு பொடியா விழும். கண்ணுக்குத் தெரியாத சீரக மிட்டாய்னு வச்சுக்கங்களேன். நாக்குக்குக் கசப்பு தெரியாது, வயித்துக்குள்ள போய்த்தான் தோல் கரையும். சர்க்கரை வியாதிக்காரங்க திங்கிற பிஸ்கட்டுல சேர்க்க ஒரு கம்பெனிக்காரங்க சாம்பிள் கேட்டிருந்தாங்க. முன்னால அனுப்புனதெல்லாம் கசக்குதுன்னு தள்ளிட்டாங்க. இதுதான் கடைசின்னும் சொல்லிட்டாங்க.

ஈரக்காத்து பட்டாலே போச்சு, தோல் இளகிக் கசப்பு வெளிய வந்துரும்.

அன்னைக்குப் பொடி அருமையா விழுந்துச்சு. நாக்குல வச்சேன், கசக்கல. அப்பாடான்னு உக்காந்தேன். பாக்கெட் போட எந்திரிக்கிறதுக்குள்ள இடி இடிச்சுக் கரண்டு போயிருச்சு. மெஷினு, ஈரத்தை இழுக்குற ஏசி எல்லாம் நின்னு போச்சு. தகரத்துல மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. பாலிதீன் பையில அள்ளி அள்ளிப் போட்டேன், என்ன பிரயோசனம்? கையிலயே பிசுபிசுன்னு ஒட்டிக் கட்டியாயிருச்சு. நாக்குல வச்சேன். ஒரே கசப்பு.

கோவமா அழுகையான்னு எனக்கே தெரியல. எத்தனை வருசம்தான் இப்படிச் சாகுறது? அலுத்துப் போச்சு சாமி. வானத்தை வைய வாயெடுத்தவ, சரி, சோளமாச்சும் பிழைச்சுச்சேன்னு மனசைத் தேத்திக்கிட்டு அவுகளுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, சோளம் நல்லா நனைஞ்சுச்சா?"

"எதுல நனைய? இங்க ஒரு பொட்டு விழுகல. மேகம் அப்படியே வடக்குப் பக்கமாப் போயிருச்சு. இனிப் பெஞ்சாலும் மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும்."

கையில ஒட்டியிருந்த பொடியைச் சேலையில துடைச்சேன்.

"அங்கயாச்சும் பெய்யுதா?"ன்னு ஆசையாக் கேட்டாக.

"இல்லங்க."

"பெறகு என்ன அம்புட்டுச் சத்தம்?"

"மெஷின் ஓடுது."

"ஓடட்டும், ஓடட்டும்"னாக. "இனி அதை நம்பித்தான இருக்கோம்."