தலையணைக்குப் போகும் பக்கம்

டார்வெல் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருந்தபோது ஒருவருக்கு யார் தலை அலங்காரம் செய்துவிட்டாரோ, சவப்பெட்டிக்குள் படுத்த பிறகும் அவர்தான் செய்துவிட வேண்டும். யாரும் எழுதி வைத்ததல்ல, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. இருபத்தாறு வருடமாக அந்த ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள் ரோண்டா பெர்க்கன் ஒருத்திதான் என்பதால் இரண்டு வேலையும் அவளிடமே வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை தோறும் சுருள் வைத்துக்கொள்ள வந்த கிழவிகள் ஒவ்வொருவராக வராமல் போனபோது, டுவெயினின் இறுதிச்சடங்கு இல்லத்துக்குப் பக்கவாசல் வழியாகப் போய் அவர்களுக்குக் கடைசியாக ஒரு முறை செய்துவிட்டு வந்தாள்.

அந்த வேலையை அவளுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. செய்து செய்து கற்றாள். குடும்பத்தார் ஒரு படம் கொண்டுவருவார்கள். அதைச் சுவரோரம் சாய்த்து வைத்து, வகிடு எந்தப் பக்கம், காது மூடியிருக்கிறதா, நெற்றியில் விழும் முடி எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் செய்வாள். நெற்றியிலிருந்து காது வரைக்கும்தான். முதல் முறை அவள் பின்பக்கத்தையும் செய்ய முயன்றபோது டுவெயின் தடுத்தார்.

"அந்தப் பக்கம் தலையணைக்குப் போயிடும், ரோண்டா. விடு. அவங்க என்ன, கண்ணாடியில திரும்பிப் பாத்துக் குறை சொல்லவா போறாங்க?"

விட்டாள். அதன்பின் உடலைக் கிடத்தும் அந்த மேசையருகே அவள் கை காதைத் தாண்டியதில்லை.

ஆகஸ்ட் மாதம் மட்டும் கடை கலகலக்கும். பள்ளியின் கடைசி வருடத்துக்குள் நுழையும் பெண்கள் ஆண்டு மலருக்குப் படம் எடுக்கப் போகுமுன் அவளிடம் வருவார்கள். அந்தப் படம் பாட்டிகள் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் போகும். பட்டமளிப்பு அழைப்பிதழில் அச்சாகும். ரோண்டா ஒவ்வொருத்திக்கும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். டெலனிக்கும் அப்படித்தான் செய்தாள். பக்கத்துக்கு ஒரு சின்னப் பின்னல், இரண்டையும் உச்சியில் சேர்த்து ஒரு கொண்டை ஊசி, மீதியெல்லாம் தளர்ந்த சுருள். சூரியகாந்தி வயலில் எடுத்த படம்.

மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் செப்டம்பரில், மண்சாலைகள் சந்திக்கும் ஒரு முனையில், டெலனியின் காரை ஒரு தானிய லாரி மோதியது. நான்காம் நாள் அவள் அம்மா அந்தப் படத்தைச் சுவரிலிருந்து சட்டத்தோடு கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அன்னிக்கு நீ செஞ்ச மாதிரியே செஞ்சுடு, ரோண்டா. உனக்குத்தான் தெரியுமே."

ரோண்டாவுக்குத் தெரிந்திருந்தது. படத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் தேவாலயத்தில் வரிசையாக வந்தவர்கள் பெட்டியருகே குனிந்து, "படத்துல இருக்கிற மாதிரியே இருக்கா" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். வரிசையின் கடைசி ஆள் போகும்வரை ரோண்டா அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருடம் கடைசி வகுப்புப் பெண்கள் யாரையும் அவள் எடுக்கவில்லை. மணிக்கட்டு வலி என்று சொல்லி மைனாட் நகரத்துக் கடைகளுக்கு அனுப்பினாள். உண்மையில் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததும் அவள் விரல்கள் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும். எத்தனை ஊசி, எங்கே வகிடு. எதற்காக என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த வருடம் அவளுடைய மகள் பிரின்னின் முறை.

"ஊர்ல எல்லாருக்கும் செஞ்சே. பெத்த பொண்ணு மட்டும் மைனாட்டுக்குப் போகணுமா?" பிரின் சமையலறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க நல்லா செய்வாங்கடி."

"என் கிளாஸ் கென்ஸிக்குச் செஞ்சாங்களே, பாத்தியா? ஹெல்மெட்டக் கழட்டாம போட்டோ எடுத்த மாதிரி இருக்கா."

"எனக்குக் கை வலி."

"நேத்து பாஸ்டர் பொண்டாட்டிக்குச் சுருள் வச்சியே, அது எந்தக் கை? அம்மா, வெள்ளிக்கிழமை கடைசி நாள். படம் போகலன்னா ஆண்டு மலர்ல என் பேருக்கு மேல ஒரு சாம்பல் நிறக் கட்டம்தான் வரும். இந்த ஸ்கூல்ல நான் படிக்கவே இல்லங்கிற மாதிரி."

காரணத்தைச் சொன்னால் அந்தப் பயம் பெண்ணின் மேல் போய் உட்கார்ந்துவிடும் என்று ரோண்டா நினைத்தாள். அதனால் சரி என்றாள். ஒரு சாதாரணப் பெண்ணுக்குச் சாதாரணமாக ஒரு தலை செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்று வியாழக்கிழமை காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரின் நாற்காலியில் சாய்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். "கண்ண மூடிக்க, ஸ்பிரே அடிக்கிறேன்" என்றதும் மூடினாள். "பேசாதே, ஆடாதே" என்றதும் அதையும் கேட்டாள். வழக்கமாகக் கேட்கமாட்டாள். கடை அமைதியாக இருந்தது. ரோண்டா பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. வகிடு நேராக விழுந்தது, சூடான கம்பியில் முடி சொன்னபடி சுருண்டது. இத்தனை நிம்மதியாக வேலை செய்து வெகுநாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே முடித்தாள்.

"சூப்பர்ம்மா!" பிரின் கண்ணாடியில் இடமும் வலமும் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஜீன்ஸ் சட்டையின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

படம் எடுக்கும் ஜோலின் ஊர் எல்லையில் பழைய தானியக் கோபுரத்தருகே காத்திருந்தாள். ரோண்டாவோடு ஒன்றாகப் படித்தவள். துருப்பிடித்த தகரச் சுவரில் சாய வைத்துச் சில படங்கள், வண்டியின் பின்பலகையில் உட்கார வைத்துச் சில படங்கள் எடுத்தாள். வெயில் சாய்ந்து மஞ்சளாகும்போது, "இப்ப என்னை விட்டுத் தள்ளி நடந்து போ. நான் கூப்பிட்டதும் தோளுக்கு மேல திரும்பிப் பாரு" என்றாள்.

பிரின் நடந்தாள். ஜோலின் கேமராவைத் தாழ்த்தினாள்.

"ரோண்டா, பின்பக்கம் இப்படித்தான் இருக்கணுமா? இது ஏதாவது புது ஸ்டைலா?"

பிரின் நின்று பின்தலையைத் தடவிப் பார்த்தாள். காலையில் எழுந்தபடியே தட்டையாகச் சிக்குப் பிடித்திருந்தது. "அம்மா! பாதியில விட்டுட்டியா? ஐயோ, உனக்கு வயசாயிடுச்சு!"

"டிவி பாத்துக்கிட்டே செஞ்சிருப்பா" என்று ஜோலின் சிரித்தாள்.

ரோண்டா சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பிரின்னின் சிரிப்பும் நின்றது. அம்மாவின் வேலையைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்தவள் அவள்.

"தலையணைக்குப் போற பக்கம்" என்றாள் மெதுவாக.

"என்னது?" என்றாள் ஜோலின்.

ரோண்டா பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனாள். "உக்காரு கண்ணு. அஞ்சு நிமிஷம். சரி பண்ணிடறேன்."

பிரின் ஒரு அடி பின்னால் வைத்தாள். ஒரே ஒரு அடிதான்.

"வேணாம்மா."

"பிரின்..."

"வெளிச்சம் போயிட்டிருக்கு, பொண்ணுங்களா" என்றாள் ஜோலின்.

"குடு, நானே பண்ணிக்கிறேன்." பிரஷ்ஷை வாங்கிய பிரின், தலையைக் கவிழ்த்துப் பின்பக்கத்தை வறட்டு வறட்டென்று இழுத்தாள். அம்மா வைத்த சுருள்களையும் விட்டுவைக்கவில்லை. ஊசிகளைப் பிடுங்கிப் புல்லில் போட்டாள். எல்லா முடியையும் ஒரு தோளுக்குக் கொண்டுவந்து, தானே பின்னிப் பழகாத கையால் ஒரு பின்னல் போட்டாள். அது கோணலாகப் போனது, நடுவில் முடி பிய்த்துக்கொண்டு நின்றது. மணிக்கட்டில் இருந்த ரப்பர் பேண்டை எடுத்து நுனியில் மாட்டி முடித்தாள்.

"அட, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஜோலின். "அந்தச் சுவர்ப் பக்கம் வா, சீக்கிரம்."

பிரின் அம்மாவைக் கடந்து போனவள் நின்றாள். "அம்மா, இதைப் பாத்து வச்சுக்காதே."

அதற்குள் ரோண்டாவின் கண் வேலையைத் தொடங்கியிருந்தது. வலது காதுக்கு ஒரு விரல் கீழே ஆரம்பம். நடு இழை பருமன். மூன்றாவது முடிச்சில்... அவள் சட்டென்று முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாலைக்கு அந்தப்புறம் மக்காச்சோளம் அசையாமல் நின்றது. பின்னால் கேமரா கிளிக் கிளிக்கென்றது.

"ரோண்டா, வந்து பாரேன், என்னமா சிரிக்கிறா உன் பொண்ணு!"

"நீ எடு. நல்லா எடு."

"நீ பாக்கலியா?"

"எடுன்னு சொல்றேனில்ல."

கேமரா வெகுநேரம் ஓயவில்லை. பிறகு பையின் ஜிப் இழுபட்டது. முடிந்துவிட்டது என்று ஜோலின் இரண்டு முறை சொன்னாள். ரோண்டா திரும்பவில்லை. புல்லில் காலடி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"பின்னலை அவுத்துட்டியா?" என்று கேட்டாள் ரோண்டா.

ரப்பர் அறுபடும் சத்தம் கேட்டது. தலையை உதறும் சத்தமும் கேட்டது.

"அவுத்துட்டேம்மா. இப்பத் திரும்பு."