மாடம்மாள் ருசி பார்த்த புகை பீர்

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் சாயங்காலத் தோசைக்கடை போடும் மாடம்மாளை அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. கல்யாணமான புதிதில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். தோசைக்கும் ரசவடைக்கும் பெயர் வாங்கியதைப் போலவே, குடித்துவிட்டு வருகிறவனுக்குத் தட்டு நீட்டமாட்டாள் என்றும் பெயர் வாங்கியிருந்தாள்.

அவள் மகள் ஷிஜா மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, பெங்களூரில் பீர் காய்ச்சும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாடம்மாள் கொஞ்ச நாள் போனையே எடுக்கவில்லை. பிறகு சமாதானமானாள். ஆனாலும் யார் கேட்டாலும் "ஜூஸ் கம்பெனி" என்றுதான் சொன்னாள். கூடப்பிறந்த அண்ணன் பேச்சிமுத்துவிடமும் அதே பொய்தான்.

ஓண விடுமுறைக்கு வந்த ஷிஜா, நெத்திலி பொரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் ஒரு பாட்டிலை வைத்தாள்.

"அம்மா, இது நான் தனியா காய்ச்சின முதல் பீராக்கும். ஒரு வாய் குடிச்சுப் பாரு, கேட்டோ."

"எனக்கு எதுக்குட்டி இந்தச் சனியன்?"

"கம்பெனியில எல்லாரும் கொள்ளாம், நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. நீ சொல்லலேல்லா."

மாடம்மாளால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் நுரை ததும்ப விழுந்தது. மோந்து பார்த்தாள்.

"என்னட்டி, பாயசம் அடிப்பிடிச்ச மாதிரி மணக்குது?"

"முளைகட்டின பார்லிய விறகுப் புகையில காயப்போட்டது. அந்த மணமாக்கும்."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினாள். முதலில் கசந்தது. அப்புறம் புகை மூக்குவழியாக ஏறியது. முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"கருகிப் போச்சே, பிள்ளே."

ஷிஜா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் பேச்சிமுத்துவின் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மாடம்மாளுக்கு அது சுருக்கென்று தைத்தது. திருடியவள் போலப் பிள்ளை நிற்கிறாளே.

"அத முன்னால வைட்டி," என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "அண்ணே, இவளுக்கு ஜூஸ் கம்பெனியில வேலையில்ல. பீர் கம்பெனி. இது இவ கையால காய்ச்சினது. உக்காந்து குடி."

பேச்சிமுத்து தங்கையைப் பார்த்தார், அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். உட்கார்ந்து, தனக்கு ஊற்றியதில் ஒரு வாய் குடித்தார்.

"கரிச்சட்டி கழுவுன தண்ணி மாதிரில்லா இருக்கு."

மாடம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒனக்கு என்ன தெரியும்? விறகுப் புகையில காயப்போட்ட பார்லியாக்கும். நெத்திலியக் கடிச்சுக்கிட்டுக் குடி."

சொன்னதை நிரூபிக்க அவளே ஒரு நெத்திலியைக் கடித்து, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள். மொறுமொறு மீனின் உப்போடு சேர்ந்ததும் அந்தப் புகை சாதுவாகிவிட்டது. நிஜமாகவே நன்றாக இருந்தது. அவளுக்கே அது ஆச்சரியம். பேச்சிமுத்துவும் மீனைக் கடித்துக் குடித்துவிட்டு, டம்ளரை மறுபடி மருமகளிடம் நீட்டினார்.

கணவன் கோமதிநாயகம் கட்டட வேலைக்காகப் பொன்முடியில் இருந்தான். சாயங்காலம் அவன் போனில் கூப்பிட்டபோது மாடம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீயா குடிச்ச?" என்றான்.

"ஆமா."

"எனக்கு மிச்சம் இருக்கா?"

"ஒங்க மச்சான் விட்டாத்தானே," என்று சொல்லிவிட்டு, மாடம்மாள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவினாள்.