தம்பியின் ரத்தம்

மார்லிஸ் அக்காவுக்கு எங்கள் ஊரில் கொசு என்று பெயர். அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் பொரித்த மீனும் பிராந்தியும்தான். அது முடிந்து வண்டியை எங்காவது மோதிக்கொண்டு வருகிறவர்களிடம் குடித்திருக்கிறார்களா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள் அவள். எனக்கும் எடுத்திருக்கிறாள். ஊசி வலிக்கவே இல்லை, கோர்ட்டில்தான் வலித்தது.

ஒரு நவம்பர் வெள்ளிக்கிழமை, அவள் கூடப்பிறந்த தம்பி ஓரினையே தூக்கி வந்தார்கள். குறுக்கே வந்த மானுக்கு ஒதுங்கப்போய் மரத்தில் மோதியிருக்கிறான். நினைவில்லை. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். ஆனால் சட்டையெல்லாம் பிராந்தி வாசம். போலீஸ்காரர் ரத்தம் கேட்டார். ரோட்டில் வண்டி எடுத்தவன் சோதனைக்கு அப்போதே சம்மதித்தவன், நினைவு தப்பியதால் அந்தச் சம்மதம் போய்விடாது என்பது எங்கள் மாநிலச் சட்டம். ஓரின் பால் லாரி ஓட்டுகிறவன், முன்பே ஒருமுறை மாட்டியவன். மறுபடி மாட்டினால் லைசென்ஸும் போகும், பிழைப்பும் போகும்.

அப்போது வேலையில் இருந்தவள் மார்லிஸ் ஒருத்திதான். ஓரினின் மனைவி ட்வைலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நரம்பு கிடைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி. உங்க தம்பி இல்லையா?"

"ஊரான் வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் கிடைச்ச நரம்பு என் தம்பிக்கு மட்டும் கிடைக்கலைன்னா, நாளைக்கு எந்த மூஞ்சியோட ஊசியைத் தொடுவேன்? கையை விடு."

எடுத்துவிட்டாள். ட்வைலா பேச்சை நிறுத்தினாள், பண்டிகை வான்கோழி விருந்துக்கும் கூப்பிடவில்லை. கண் விழித்த ஓரின், தான் குடிக்கவே இல்லை என்றான். மாட்டினவன் எல்லாரும் சொல்வதுதானே என்று யாரும் நம்பவில்லை, நான் உட்பட.

முடிவு வந்தது. ரத்தத்தில் ஒரு சொட்டு சாராயம் இல்லை. சட்டையில் இருந்தது பாரில் பக்கத்து நாற்காலிக்காரன் சிந்தியது. ஓரின் குடியை விட்டு ஒரு வருடமாகிறதாம். எங்கள் ஊரில் குடிப்பதில்லை என்று சொல்வதைவிட அம்மணமாக நிற்கலாம். அதனால் எங்கள் ஊர் பிராந்தி மாதிரியே தெரியட்டும் என்று அந்தக் கிளாஸில் சோடாவும் செர்ரிப்பழமும் போட்டுக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அதுவரை அது பார்க்காரனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ட்வைலா பாருக்குள் வந்து மார்லிஸைக் கட்டிக்கொண்டு, சோடா கதையை ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். எல்லாரும் மூலையில் உட்கார்ந்திருந்த ஓரினின் கிளாஸைத் திரும்பிப் பார்த்தோம். அவன் முகம் சிவந்துவிட்டது.

"ரத்தம் எடுக்கத்தான்டி சம்மதம். ஊருக்கெல்லாம் சொல்ல யாரு சம்மதிச்சா?"

சிரிப்பு அடங்கியதும் மார்லிஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடா."

"சொல்லியிருந்தா எடுக்காம விட்டிருப்பியாக்கா?"

"எடுத்திருப்பேன். கை நடுங்காம எடுத்திருப்பேன்."